வாய் வழி

காலை பதினொன்று இருபதுக்கு முதன்முறையாக ஆறு மாத்திரையும் உடையாமல் வெளியே வந்தன.

அதற்கு முன் நாற்பத்து மூன்று உடைந்திருந்தன. சில அச்சோடு ஒட்டிக்கொண்டன. சிலவற்றில் மருந்துப் பொடி அடியில் தங்கி, மேலே வெறும் கொழுப்பு நின்றது. இந்த முறை சோணை அச்சின் திருகைக் கழற்றி இரண்டு பாதியையும் பிரித்தபோது ஆறும் சுண்டுவிரல் நுனி அளவில் வரிசையாக, வெள்ளையாகக் கிடந்தன. பேராசிரியை கீர்த்தி ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். ஆறும் ஒரே எடை.

"கை ராசிண்ணே ஒங்களுக்கு."

"ராசி என்னம்மா ராசி. பாயாசம் ஊத்தும்போது முந்திரி அடியில தங்காமக் கிண்டிக்கிட்டே ஊத்துவாகள்ல, அப்பிடி ஊத்துனேன்."

மீனலோசனி ஆச்சி மருந்தாக்கியல் கல்லூரியில் சோணை இருபத்தாறு வருடமாக ஆய்வக உதவியாளர். மருந்தின் பெயர் மெட்ரோனிடசோல். அழுகும் புண்ணில் வளரும் கிருமிகளைக் கொல்லும். வயிற்றுப்போக்குக்குக் கடையில் கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் அதுதான். அதையே கொழுப்பில் கலந்து, ஆசனவாய் வழியாக உள்ளே வைக்கும் மாத்திரையாகச் செய்வது கீர்த்தியின் ஆராய்ச்சி. கொழுப்பு முப்பத்தாறரை டிகிரியில் உருகும். உடம்பு முப்பத்தேழு. உடம்புக்குள் போனதும் உருக வேண்டும், அதற்கு முன் உருகக் கூடாது. அந்த மாத்திரைக்குத் தெரிந்த ஒரே பாடம் அது. ஆனால் அன்று காரைக்குடியில் நாற்பது டிகிரி. ஊருக்கும் உடம்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எனவே ஆறையும் ஈயத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தார்கள்.

"இது யாருக்கும்மா?" என்று சோணை முதல் நாளே கேட்டிருந்தார்.

"முழுங்க முடியாதவங்களுக்குண்ணே."

அன்று அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினார். உடையாமல் ஆறு வந்த பிறகுதான் கேட்டார்.

"தொண்டையில கட்டி உள்ளவுகளுக்கும் சேருமா?"

கீர்த்தி தராசை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

சோணையின் மனைவி அழகி புதுவயலில் அரிசி ஆலையில் இருபது வருடம் நெல் அவித்தவள். தொண்டையில் வந்த கட்டி பொங்கலுக்குப் பிறகு கழுத்தில் வெளியே உடைந்தது. அரசு மருத்துவமனை டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "கட்டிய ஒண்ணும் செய்ய முடியாது. நாத்தத்தக் கொறைக்கலாம்." மாத்திரை இறங்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போகவில்லை. ஊசி போட்டுப் போட்டு இரண்டு கையிலும் நரம்பு கிடைக்காமல் போனது. மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினார்கள். உள்ளே ஓடிய புண்ணுக்கு அது எட்டவில்லை. "பின்னாடி வைக்கிற மாத்திரை இருந்தாக் குடுக்கலாம். நம்ம பக்கம் அது எங்க கிடைக்குது," என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த சீட்டை எடுத்தார்.

வீட்டில் மின்விசிறியை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். அழகியின் தங்கை வாசப்படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். பேரப்பிள்ளை படியேறவே மாட்டேன் என்றது. அழகிக்குக் குரல் காற்றாகத்தான் வரும். சோணை காதை வாயருகே கொண்டுபோக வேண்டும்.

"நான் சாகுறது இருக்கட்டும். இந்த நாத்தத்துக்கு எவ வந்து கட்டி அழுவா?"

"சும்மா கெட."

"வாசல்லயே நின்னு அழுதுட்டுப் போயிருவாளுக."

சோணைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நோய் குணமாக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நாலு நாள் நாற்றம் அடங்க வேண்டும். அவளைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும்.

கீர்த்தி எல்லாம் கேட்டாள். டாக்டரிடமும் போனில் பேசினாள். "சும்மா எடுத்துக் குடுத்துர முடியாதுண்ணே. டாக்டர் பாத்து, அனுமதி வாங்கி, முறையாக் குடுக்கணும். டாக்டர் சரிங்கிறாரு. எட்டுப் பேருக்குக் குடுத்துப் பாக்குறோம், மொதப் பேரு ஒங்க வீட்டம்மா. பதினஞ்சு நாள்ல வாங்கிரலாம்."

பதினைந்து நாளில் முடிந்தது தலைப்பு மட்டும்தான்.

கல்லூரியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தாளிலும் மேலே, கல்லூரிக்குப் பெயர் தந்த ஆச்சியின் படம் இருக்கும். ஆராய்ச்சியின் தலைப்பு படத்துக்கு நேர் கீழே வரும். தலைப்பில் மலக்குடல் என்ற சொல் இருந்தது. கல்லூரி முதல்வர் ஆதித்தன் கூட்டம் போட்டார். சோணை டீ கொண்டு போனார்.

"நான் அறிவியலுக்கு எதிரி இல்லம்மா," என்றார் முதல்வர். "நானே விஞ்ஞானி. பதினோரு வருஷமா ஆராய்ச்சி பண்ணலைன்னா அதுக்குக் காரணம் ஆராய்ச்சிய நிர்வாகம் பண்ற பொறுப்பு. ஆனா ஆச்சி படத்துக்குக் கீழ அந்த வார்த்தைய அடிச்சா, நாளைக்கு அவங்க குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"சின்ன எழுத்துல போட்டுரலாமா சார்?" என்றார் ஆய்வுப் பிரிவு அலுவலர் பாண்டீஸ்வரன்.

"எழுத்து சின்னதானா அர்த்தம் சின்னதாயிருமா?"

முதல்வர் உண்மையாகவே கேட்டார்.

"அப்ப ஆச்சி படத்தத் தாளுக்குப் பின்னாடி வச்சுருவோம் சார்," என்றாள் கீர்த்தி.

முதல்வர் எழுந்து நின்றுவிட்டார். "ஆச்சியப் பின்னாடி வைக்கிறதா?"

மூன்றாவது கூட்டத்தில் முடிவானது. மாற்றுவழி மருந்தளிப்பு முறை. அதில் எந்த வழி என்பது இல்லை. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. வடை வந்தது.

தலைப்பு முடிந்ததும் விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றும் வேலை பாண்டீஸ்வரனுக்கு. இரண்டு நாள் கழித்து அவர் அச்சடித்துக் கொடுத்த நகலைப் படித்த கீர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்தாள். சோணை குடுவையோடு நின்றார். இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள்.

"மருந்து செல்லும் வழின்னு கேட்டதுக்கு வாய்னு போட்டுருக்கீங்க சார்."

"ஆமாம்மா. மூணுதான் இருக்கு. வாய், ஊசி, தோல். இதுல ஒண்ணத் தொட்டாத்தான் அடுத்த பக்கமே தெறக்கும்."

"நாலாவதாச் சேக்க முடியாதா?"

"மென்பொருள் குடுத்த கம்பெனி ஒப்பந்தம் போன வருஷமே முடிஞ்சு போச்சு. இருக்குறதுல எது பக்கத்துல வருதுன்னு யோசிச்சேன். ஊசி இல்ல. தோல் இல்ல. வாய்தான்."

"வாய் எப்பிடி சார் பக்கத்துல வரும்?"

பாண்டீஸ்வரன் பொறுமையானவர். "ஆசனவாய். பேர்லயே வாய் இருக்குல்லம்மா."

சோணை கேட்டார். "இத மாத்தவே முடியாதா சார்?"

"ஏத்துனா ஏத்துனதுதேன் சோணண்ணே. கவலப்படாதீக. கணினிக்குத்தான வாயி. நமக்குத் தெரியாதா எதுன்னு."

கணினிக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அது ஒரு கடிதம் அனுப்பியது. வாய்வழி மருந்து என்பதால் சுவைக் குழுவின் அறிக்கையை இணைக்கவும். குழுவில் ஆறு பேர் வேண்டும். கணினியின் கடிதத்துக்குப் பதில் போடாமலிருக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்று முதல்வர் சொன்னார். ஐந்து பேராசிரியர்களை நியமித்தார். அன்று செவ்வாய்க்கிழமை. ஐந்து பேரும் விரதம். ஆறாவது ஆள் சோணை.

உடைந்த நாற்பத்து மூன்றில் ஒன்றைச் சின்னத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். சோணை வாயில் போட்டார். முதலில் கொழுப்பு உருகி நாக்கில் வழவழவென்று பரவியது. பிறகு கசப்பு வந்தது. களிம்பேறிய செம்பை நக்கினாற்போல ஒரு கசப்பு. அதை விழுங்கினார். தொண்டை வழியாக அது இறங்கிப் போவதைக் கவனித்தார். ஒரு தடையும் இல்லை. தனக்கு இவ்வளவு சுலபமாக இறங்கியது பெரிய அநியாயமாகப் பட்டது.

படிவத்தில் தோற்றம், மணம், சுவை என்று மூன்று கட்டங்கள். கடைசிக் கேள்வி, இதை மீண்டும் உண்ண விரும்புவீர்களா?

"எப்பிடிண்ணே இருந்துச்சு?" என்றார் பாண்டீஸ்வரன்.

"கசக்குது சார்."

அவர் ஆறு பேருடைய கட்டங்களிலும் கசப்பு என்று எழுதினார். முதல்வர் அறிக்கையைப் படித்துவிட்டுச் சுவையை மேம்படுத்தச் சொன்னார். ஆச்சி பெயரில் ஒரு கசப்பான பொருள் வெளியே போகக் கூடாது. ரோஸ்மில்க் எசன்ஸ் சேர்க்க முடிவானது.

எசன்ஸ் சேர்த்ததும் கொழுப்பு இறுகவில்லை. ஒன்பது முறை ஊற்றினார்கள். ஒன்பது முறையும் அச்சைத் திறந்தால் இளஞ்சிவப்பாகக் கூழ் நின்றது. பத்தாவது முறை கொழுப்பை மாற்றியதும் இறுகியது. சித்திரை முடிந்து வைகாசி வந்தது. பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது சோணையின் சட்டையில் ரோஸ்மில்க் மணத்தது. அழகி அதை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லாருக்கு," என்றாள். "அந்தச் சட்டையக் கழட்டி இங்குட்டுத் தலமாட்டுல வையி."

அவர் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அதற்கும் அந்த நாற்றம் வந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குக் கீர்த்தி குளிர்பெட்டியைத் திறந்து பழைய ஆறில் இரண்டை எடுத்தாள். கைக்கடக்கமான ஒரு பிளாஸ்கில் ஐஸ் போட்டு அதற்குள் வைத்தாள்.

"டாக்டர்ட்டப் பேசிட்டேன். இன்னைக்கே வைக்கச் சொல்லிட்டாரு. போங்கண்ணே. வழியில எங்கயும் நிக்காதீங்க."

கல்லூரி வாசலில் காவலாளி மருது நிறுத்தினான். நல்ல பையன். பிளாஸ்கைத் திறந்து இரண்டையும் எடுத்துத் தகர மேசையில் வைத்தான். வெயில் மேசையின் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டிருந்தது.

"என்னண்ணே இது, சாக்பீஸா?"

"மாத்திரை. வீட்டுக்காரிக்கு. வெயில்ல வைக்காத மருது, உருகிரும்."

"அழகியக்காவுக்கா?" மருதுவின் முகம் மாறியது. "அப்ப முறப்படி எழுதிருவோம்ணே. நாளப்பின்ன ஒங்க மேல ஒரு சொல்லு வந்துரக் கூடாதுல்ல. பொருளப் பதிஞ்சு முடிக்கிற வரைக்கும் மேசைய விட்டு எடுக்கக் கூடாதாம். சட்டம். அஞ்சு நிமிசம்."

வெளியே போகும் பொருளுக்குச் சீட்டு வேண்டும். சீட்டில் பொருளின் பெயர், எண்ணிக்கை, படம். பெயருக்கு மருது போனில் பாண்டீஸ்வரனிடம் கேட்டான். அவர் முதல்வரைக் கேட்க வேண்டும் என்றார். முதல்வர் ஆச்சியின் நினைவு நாள் ஏற்பாட்டுக் கூட்டத்தில் இருந்தார். சோணை இரண்டு கையையும் குவித்து மேசைமேல் நிழல் பிடித்தபடி நின்றார். மேசையின் தகரம் கையில் அனல் அடித்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்து அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. படம் எடுத்து அனுப்பு.

மருது கைப்பேசியை எடுத்தபோது மேசையில் இரண்டு ஈயத்தாளும், ஒரு உள்ளங்கை அளவுக்கு எண்ணெயும் இருந்தன. அவன் அதைப் படம் எடுத்து அனுப்பினான். பேரேட்டில் எழுதினான். பொருள்: ஏதுமில்லை. சீட்டு: தேவையில்லை.

"இப்ப நீங்க போலாம்ணே," என்றான்.

பிறகு தன் துண்டால் மேசையைத் துடைத்தான். சோணை பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் மட்டும் இருந்த பிளாஸ்கை எடுத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்.

அந்தப் படம் மறுநாள் முதல்வர் மேசையில் இருந்தது. கீர்த்திக்கு ஒரு கடிதம் வந்தது. பேரேட்டின்படி பொருள் ஏதும் இல்லாத நிலையில் தாங்கள் எதை வெளியே அனுப்ப முயன்றீர்கள் என்பதை மூன்று நாட்களுக்குள் விளக்கவும். குளிர்பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். மருந்துப் பொடியும் அச்சும்கூட உள்ளே போயின. சாவி முதல்வரின் இழுப்பறைக்குப் போனது. பூட்டுக்கு மேல் ஆச்சி படத்தை ஒட்டினார்கள்.

"இன்னும் எட்டு நாள்தாண்ணே," என்றாள் கீர்த்தி. அவள் கண் சிவந்திருந்தது. "கமிட்டி கூடுது. அனுமதி வந்துட்டா நானே வண்டியில எடுத்துட்டு வர்றேன்."

நெறிமுறைக் குழுவில் ஏழு பேர். சட்டத்துக்கு ஒரு வக்கீல், ஒழுக்கத்துக்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பொதுமக்களுக்காக ஒரு ஜவுளிக்கடை முதலாளி, மற்றவர்கள் கல்லூரிக்காரர்கள். சோணை டீத் தட்டோடு சுவரோரம் நின்றார்.

ரோஸ்மில்க் மாத்திரை ஒன்று வெள்ளித் தட்டில் சுற்றி வந்தது. ஜவுளிக்கடைக்காரர் முகர்ந்தார். "பிள்ளைக விரும்பிச் சாப்புடும்," என்றார். தலைமையாசிரியர் தலைப்பைப் பாராட்டினார். மாற்றுவழி என்ற சொல்லில் ஒரு நம்பிக்கை தொனிக்கிறது என்றார். வக்கீல் மட்டும் எல்லாத் தாளையும் படித்தார். கடைசியில் அனுமதி கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். சோணை தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தானும் தட்டினார்.

"நிபந்தனைகள வாசிச்சிர்றேன்," என்றார் வக்கீல். "மூணாவது. விழுங்க இயலாத நோயாளிகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படக் கூடாது."

கீர்த்தி எழுந்தாள். "சார், இந்த மருந்தே அவங்களுக்குத்தான்."

"வாய்வழி மருந்தும்மா. முழுங்க முடியாதவருக்குக் குடுத்துத் தொண்டையில அடச்சுக்கிட்டா யார் பொறுப்பு?"

"வாயில குடுக்கப் போறதில்ல சார்."

"பேப்பர்ல அப்பிடித்தான இருக்கு?"

"பேப்பர்ல தப்பா இருக்கு."

"பேப்பர் தப்புன்னா, இப்பக் குடுத்த அனுமதியும் தப்பு. ரத்துப் பண்ணிட்டு முதல்லேர்ந்து வரலாம். மூணு மாசம் ஆகும். வேணுமா?"

கீர்த்தி சோணையைப் பார்த்தாள். எல்லோரும் சோணையைப் பார்த்தார்கள். அவர் பேச வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை.

"ஐயா," என்றார். "முழுங்க முடிஞ்சா எதுக்குய்யா இந்த மாத்திரை?"

வக்கீல் பேனாவை எடுத்தார். "நல்ல கேள்வி. நடவடிக்கைக் குறிப்புல ஏத்துங்க."

முதல்வர் நெகிழ்ந்துவிட்டார். "ஒரு சாதாரண ஊழியர்கூட இந்த வளாகத்துல எழுந்து நின்னு கேள்வி கேக்கலாம். அதுக்குப் பதில் வரணும்னு அவசியமில்ல. கேள்விதான் அறிவியல். ஆச்சி விரும்புனது அதத்தான்." பிறகு சொன்னார், "ஆறிடப் போகுது சோணை. டீயக் குடுங்க."

அவர் கொடுத்தார்.

அதற்கு ஆறாம் நாள் அழகிக்குக் கண் நிலைகுத்தியது. மாலையில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். தங்கை சேலைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டு உள்ளே வந்து, கையை நீட்டி, ஒரு கரண்டி பாலை அழகியின் வாயில் ஊற்றிவிட்டு வாசலுக்குப் போய் அழுதாள். பால் கடைவாய் வழியாக வழிந்தது. அடுத்தவள் ஊற்றினாள். அதுவும் வழிந்தது. யாரும் உட்காரவில்லை. சோணை ஒவ்வொரு முறையும் துடைத்தார். பிறகு அவரே ஒரு கரண்டி ஊற்றினார். அதுவும் இறங்கவில்லை. விடியும்போது மூச்சு மட்டும் இருந்தது, அதுவும் எண்ணி எண்ணி.

விடுப்புக்கு நேரில் வந்து விரல்ரேகை வைக்க வேண்டும் என்பது விதி. வைக்காவிட்டால் பிறகு துக்க விடுப்பும் செல்லாது. தங்கையை வாசலில் உட்கார வைத்துவிட்டு சோணை முதல் பேருந்தில் வந்தார். மருது பிளாஸ்க் இருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே விட்டான். ரேகைப் பெட்டி அவருடைய விரலை மூன்று முறை ஏற்கவில்லை. விரல் நுனியில் பால் காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. சட்டையில் துடைத்துவிட்டு நாலாவது முறை வைத்தார்.

அப்போது பாண்டீஸ்வரன் அறையிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி சோணை பார்த்ததில்லை. கையில் ஒரு சாவி ஆடியது.

"சோணண்ணே, நல்ல நேரத்துக்கு வந்தீக. நேத்துப் பூராம் விதிய ஒக்காந்து படிச்சேன், ஒங்களுக்காக. நாப்பத்தெட்டாம் பக்கம். விழுங்கும் திறன்னா என்னன்னு போட்டுருக்கான். முதல்வர்ட்டக் காட்டுனேன், ஒடனே கையெழுத்துப் போட்டு சாவியக் குடுத்துட்டாரு. கீர்த்தி மேடம் வண்டியோட ரெடியா நிக்கிறாக."

அவர் மூச்சு வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"தண்ணியோ பாலோ, ஒரே ஒரு ஸ்பூன்ணே. நானே கூட வந்து பாத்து டிக் போட்டுர்றேன். ஒரு ஸ்பூன் முழுங்கிருவாகள்ல?"